களத்தில் சிடி (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) சோதனை: எதை முதலில், எதைக் கடைசியில், ஏன்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். பத்தரை மணிவாக்கில் இரண்டாவது கம்ப்ரஸரைப் போட்டதும் 11 கேவி பிரேக்கர் விழுந்துவிடும், அதாவது தானாகவே சப்ளையைத் துண்டித்துவிடும். கரன்ட்டைக் கண்காணித்துப் பிரேக்கரை விழவைக்கும் ரிலேயில் எர்த் ஃபால்ட் (கரன்ட் பூமிக்குக் கசிகிறது) என்று காட்டும். கேபிளை இரண்டு முறை மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துவிட்டார்கள், கேபிளில் குறையில்லை. "அண்ணா, சிடி போயிருக்கும். மூணையும் மாத்திடலாமா?" என்று அங்கே வேலை பார்க்கும் தம்பி கேட்டான்.

மாற்றியிருந்தால் பணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனும் வீணாகியிருக்கும். மூன்று சிடியும் நன்றாகவே இருந்தன. குறை வேறு இடத்தில். அது எங்கே என்று 6-வது படியில் சொல்கிறேன்.

சிடி என்பது லைனில் ஓடும் பெரிய கரன்ட்டை ரிலேக்கும் மீட்டருக்கும் ஏற்றபடி சின்னதாக்கிக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர். லைன் பக்கம் பிரைமரி (முனைகள் பி1, பி2), ரிலே பக்கம் செகண்டரி (முனைகள் எஸ்1, எஸ்2), இரண்டையும் காந்தத்தால் இணைக்கும் இரும்புதான் கோர். இதைக் களத்தில் சோதிக்கக் கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு சோதனையையும் தனித்தனியாக நன்றாகவே செய்கிறார்கள். வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். ஒரு சோதனை விட்டுச்செல்லும் காந்தம் அடுத்த சோதனையின் அளவைக் கெடுக்கும். எர்த்தைக் கழற்றாமல் எடுத்த ரீடிங் நல்ல சிடியைக் கெட்டது என்று காட்டும். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கணக்குக்கு எல்லா இடத்திலும் அந்த அம்பத்தூர் பேனலில் இருந்த மாதிரி சிடியையே எடுத்துக்கொள்கிறேன்: 200/5 ஆம்பியர், 15 விஏ, 5பி10 (இவற்றின் பொருள் 3-வது படியில்).

1. கிளம்பும் முன் பையில் இருக்க வேண்டியவை

500 வோல்ட் மெக்கர், 11 கேவி பக்கத்துக்கு 2.5 அல்லது 5 கேவி மெக்கர். நான்கு வயர் முறையில் அளக்கும் மில்லி ஓம் மீட்டர். வேரியாக் (ஏசி வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி), அதோடு ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். மில்லி வோல்ட் வரை துல்லியமாகக் காட்டும் மல்டிமீட்டர் இரண்டு. கிளாம்ப் மீட்டர், சின்ன ஆம்பியரையும் படிக்கக்கூடியது. 9 வோல்ட் பேட்டரி. முள் வைத்த பழைய அனலாக் மீட்டர்.

அந்த முள் மீட்டரை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். டிஜிட்டல் மீட்டர் ஒரு நொடிக்குச் சில முறைதான் எண்ணை மாற்றும். போலாரிட்டி (கரன்ட்டின் திசை) சோதனையில் வரும் உதறல் அதற்குள் வந்து போய்விடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாதாரண விலைக்கே முள் மீட்டர் கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் பையிலேயே போட்டு வையுங்கள்.

சிடி அனலைசர் கருவி கையில் இருந்தால் பாதிச் சோதனைகளை அதுவே வரிசையாக எடுத்துவிடும். இருந்தாலும் அது காட்டும் எண் ஏன் அப்படி வந்தது என்று புரிய, கீழே உள்ளதை ஒரு முறையாவது கையால் செய்து பார்த்திருக்க வேண்டும்.

பழைய டெஸ்ட் ஷீட்டையும் வயரிங் டிராயிங்கையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். சிடியைத் தயாரித்த தொழிற்சாலையில் சோதித்த அளவு கையில் இல்லாவிட்டால், மூன்று ஃபேஸையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் வழி.

2. லைன் கிளியர், எர்த், தொடக் கூடாத சிடி

மூன்று விஷயம். மூன்றிலும் சமரசம் கிடையாது.

முதலாவது, பிரைமரியில் கரன்ட் ஓடும்போது செகண்டரியைத் திறக்கக் கூடாது. சாதாரணமாகச் செகண்டரியில் ஓடும் கரன்ட், பிரைமரி உண்டாக்கும் காந்தத்தைச் சமன் செய்துகொண்டிருக்கும். செகண்டரி திறந்ததும் அந்தச் சமன் போய்விடும். பிரைமரி கரன்ட் முழுவதும் கோரைக் காந்தமாக்கவே போகும். கோர் நிறைந்து, ஒவ்வொரு அரை சுழற்சியிலும் திறந்த முனையில் வோல்டேஜ் ஊசிபோல உச்சிக்கு ஏறும். இன்சுலேஷனும் போகும், தொட்டவரின் உயிரும் போகும். டெர்மினல் சும்மா லூஸாக இருந்தாலே இது நடக்கும். பேக்கலைட் கருகிய வாடை வந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அதனால் ஃபீடருக்கு லைன் கிளியர் (சப்ளையை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி, பிரேக்கரை வெளியே இழுத்து, பூட்டி, டேக் போட்டு, டிடெக்டரில் சப்ளை இல்லை என்று பார்த்து, எர்த் செய்த பிறகே சிடி பக்கம் போக வேண்டும். மேற்பார்வையாளர் சான்று உள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். "ரெண்டு நிமிஷ வேலை" என்பவரோடு வேலைக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது, எர்த்தை சிடிக்கு ஒரு பக்கம் மட்டும் போடுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து இரண்டு பக்கமும் எர்த் போட்டால், பிரைமரி எர்த் வழியாக மூடிய வளையமாகிவிடும். அதாவது சிடிக்குள் ஷார்ட் ஆன ஒரு சுற்று இருப்பது போல. பிறகு எடுக்கும் எக்ஸைட்டேஷன் (செகண்டரியில் வோல்டேஜ் ஏற்றி, இழுக்கும் கரன்ட்டைப் பார்ப்பது; 9-வது படி) அளவெல்லாம் வைண்டிங் ஷார்ட் ஆனது போலவே வரும். நல்ல சிடியைக் கெட்டது என்று எழுதிவைத்த ஷீட்டுகளில் நான் பார்த்த முதல் காரணம் இதுதான். பிரேக்கர் வெளியே இருந்து, கேபிள் பக்கம் மட்டும் எர்த் இருந்தால் வளையம் மூடாது, பாதுகாப்பும் இருக்கும்.

மூன்றாவது, மின்வாரியத்தின் மீட்டரிங் சிடியில் சீல் இருக்கும். அதில் கை வைக்கக் கூடாது. அங்கே சந்தேகம் இருந்தால் வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் ஆள் முன்னிலையில்தான் பார்க்க வேண்டும்.

3. முதலில் கண், அப்புறம் நேம் பிளேட்

எந்த வயரையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு டெர்மினலும், ஒவ்வொரு ஃபெரூல் (வயர் முனையில் சொருகும் எண் வளையம்) எண்ணும் தெரிகிற மாதிரி. கழற்றிய பிறகு ஞாபகத்தை நம்ப முடியாது.

டெர்மினல் பெட்டியைத் திறந்ததும் எறும்புப் புற்று, பல்லி முட்டை, மழைத் தண்ணீர் இறங்கிய கோடு, வயர் முனையில் இருக்கும் உலோக லக்கில் பச்சை பூத்த செம்பு, இவற்றைத் தேடுங்கள். எண்ணூர், திருவொற்றியூர் மாதிரி கடலோரத்தில் உப்புக் காற்று லக்கின் அடியில்தான் வேலை காட்டும். மேலே பளபளப்பாக இருக்கும், கழற்றினால் அடிப்பக்கம் வெள்ளைப் பொடி. ரெசின் சிடியில் முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்த வெளிச்சத்தில் விரிசல் தெரியாது.

அடுத்து நேம் பிளேட். 200/5 என்றால் ரேஷியோ: பிரைமரியில் 200 ஆம்பியர் ஓடினால் செகண்டரியில் 5. 15 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்றால் அது தாங்கும் பர்டன், அதாவது செகண்டரியில் மாட்டிய வயரும் ரிலேயும் சேர்ந்த சுமை. 5பி10 என்பதில் 'பி' பாதுகாப்புக்கு என்பதைச் சொல்கிறது. கடைசி 10, ரேட்டட் கரன்ட்டைப் போலப் பத்து மடங்கு வரை பிழை 5 சதவீதத்துக்குள் இருக்கும் என்பதைச் சொல்கிறது. 0.5 அல்லது 0.2எஸ் என்று இருந்தால் அது மீட்டருக்கான கோர். இந்த வகைப்பாடெல்லாம் ஐஇசி 61869-2 என்ற சர்வதேசத் தரநிலையைப் பின்பற்றி வந்த ஐஎஸ் 16227 என்ற இந்தியத் தரநிலையில் இருக்கிறது. பழைய பேனல்களில் அதற்கு முந்தைய ஐஎஸ் 2705 என்று அடித்திருக்கும்.

ஒரே சிடிக்குள் இரண்டு கோர் இருந்தால் 1எஸ்1, 1எஸ்2, 2எஸ்1, 2எஸ்2 என்று குறித்திருப்பார்கள். எது ரிலேக்கு, எது மீட்டருக்கு என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். இவை மாறிப்போயிருப்பதை 9-வது படியில் பிடிக்கலாம்.

4. செகண்டரியைத் தனியாகப் பிரிப்பது

செகண்டரி வயர்களை சிடி டெர்மினலிலேயே கழற்றுங்கள், ரிலே பக்கத்தில் அல்ல. அப்போதுதான் சிடி வேறு, வயரிங் வேறு என்று பிரித்துப் பார்க்க முடியும். சிடி கெட்டுவிட்டது என்று எனக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் வயரிங் குறையாகவே முடிந்திருக்கின்றன.

அடுத்து செகண்டரி எர்த் லிங்கைக் கழற்றுங்கள். செகண்டரிக்கு எர்த் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும், வழக்கமாகப் பேனலில். லிங்கைக் கழற்றி, 5-வது படியில் சொல்வதுபோல ரிலேயையும் பிரித்த பிறகும் வயரிங்குக்கும் எர்த்துக்கும் நடுவே மெக்கர் பூஜ்யம் காட்டினால், எங்கேயோ இரண்டாவது எர்த் இருக்கிறது. யாராவது சிடி டெர்மினலிலும் 'சேஃப்டிக்கு' ஒரு எர்த் போட்டிருப்பார்கள், அல்லது கிளாம்ப்பின் அடியில் வயர் நசுங்கி உறை கிழிந்திருக்கும்.

இரண்டு எர்த் இருந்தால் என்ன? தரையில் எங்கோ பெரிய ஃபால்ட் ஆகும்போது அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் வரும். அது சிடி வயர் வழியாகக் கரன்ட்டை ஓட்டும். ரிலே தேவையில்லாமல் விழும், அல்லது விழ வேண்டிய நேரத்தில் விழாது. சாதாரண நாளில் எந்த அடையாளமும் தெரியாது. அதனால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

5. மெக்கர்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது. இன்சுலேஷனே இல்லாத சிடியில் வோல்டேஜ் ஏற்றி எக்ஸைட்டேஷன் பார்ப்பது ஆபத்து, வரும் அளவும் பொய்.

செகண்டரிக்கும் எர்த்துக்கும் 500 வோல்ட், ஒரு நிமிடம். கோருக்கும் கோருக்கும் அதே. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் 2.5 அல்லது 5 கேவி. பிரைமரியை மெக்கர் செய்யும்போது அதன் எர்த்தை அனுமதியோடு தற்காலிகமாக எடுக்க வேண்டும், செகண்டரிகளை எல்லாம் சேர்த்து எர்த் செய்ய வேண்டும். முடிந்ததும் டிஸ்சார்ஜ் செய்து, எடுத்த எர்த்தைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

வயரிங் பக்கத்தை மெக்கர் செய்யும் முன் ரிலேயைப் பிரித்துவிடுங்கள். நியூமரிக்கல் ரிலேயின் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸை மெக்கர் வோல்டேஜிடம் ஒப்படைக்கக் கூடாது.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் எடுக்கும் முதல் ரீடிங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். சில மெகா ஓம் மட்டும் காட்டும் சிடியை, சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து, பேனல் ஹீட்டரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுத் திரும்ப எடுத்தால் நூற்றுக்கணக்கில் ஏறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது மேற்பரப்பு ஈரம். துடைத்தும் உலர்த்தியும் ஏறாவிட்டால்தான் உள்ளே ஈரம் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஷீட்டில் வெப்பநிலையையும், முடிந்தால் காற்றின் ஈரப்பதத்தையும் எழுதுங்கள். அடுத்த வருடம் வருபவருக்கு அது இல்லாமல் இந்த எண் எதையும் சொல்லாது.

6. போலாரிட்டி

பேட்டரியின் பிளஸ் பி1-ல், மைனஸ் பி2-க்கு. முள் மீட்டரின் பிளஸ் எஸ்1-ல், மைனஸ் எஸ்2-ல். மீட்டரை டிசி மில்லி ஆம்பியர் வரம்பில் வையுங்கள். பி2 வயரை ஒரு தட்டுத் தட்டி எடுங்கள். தொடும் கணம் முள் வலப்பக்கம் உதறும், எடுக்கும் கணம் இடப்பக்கம் உதறும். தொடும்போது வலம் என்றால் போலாரிட்டி சரி.

பேட்டரியைப் பிடித்தபடி வைத்துக்கொண்டே முள்ளைப் பார்ப்பது புதியவர்கள் செய்யும் தவறு. கரன்ட் மாறும்போது மட்டும்தான் செகண்டரியில் எதுவும் வரும். பிடித்தபடி வைத்தால் பேட்டரியும் தீரும், கோரும் காந்தமாகும். இன்னொரு தவறு, எடுக்கும்போது வரும் உதறலைப் பார்த்துவிட்டு 'தலைகீழ்' என்று எழுதுவது. ஒருவர் "தொட்டேன்" என்று சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் முள்ளை மட்டும் பார்க்க வேண்டும்.

வளைய சிடியாக இருந்து உதறல் சரியாகத் தெரியாவிட்டால், ஒரு வயரை அதன் துளை வழியாக நாலைந்து சுற்றுச் சுற்றி அதில் பேட்டரியைத் தட்டுங்கள். சுற்று கூடக் கூட உதறலும் கூடும்.

இனி அம்பத்தூர் கதை. சிடி டெர்மினலில் தட்டிப் பார்த்தோம், மூன்று ஃபேஸிலும் முள் வலம் போனது. வயர்களைத் திரும்ப இணைத்து, பேனல் டெர்மினலில் மீட்டரை வைத்து மறுபடி தட்டினோம். ஆர் ஃபேஸ் வலம். பி ஃபேஸ் வலம். ஒய் ஃபேஸ் இடம். முந்தைய மாதம் பேனலை நகர்த்தி வைத்தபோது ஒய் ஃபேஸின் இரண்டு வயர்களிலும் ஃபெரூலை மாற்றிச் சொருகிவிட்டார்கள். எண் பார்த்து இணைத்தவர்மேல் தப்பில்லை. எண்தான் தப்பு.

இதை ஏன் இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை? ரிலேயின் திரையில் மூன்று ஃபேஸும் ஒரே ஆம்பியர் காட்டிக்கொண்டிருந்தன. அளவு சரி, திசைதான் தலைகீழ். சமமான லோடில் மூன்று ஃபேஸ் கரன்ட்டையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். ஒன்று தலைகீழானால் கூட்டுத்தொகை ஒரு ஃபேஸ் கரன்ட்டைப் போல இரண்டு மடங்காகிவிடும். எர்த் ஃபால்ட் செட்டிங் 20 சதவீதம், அதாவது செகண்டரியில் 1 ஆம்பியர். ஃபேஸுக்கு அரை ஆம்பியர் வந்தாலே ரிலே அதை 1 ஆம்பியர் எர்த் ஃபால்ட்டாகப் பார்க்கும். 200/5-ல் அரை ஆம்பியர் என்றால் பிரைமரியில் 20 ஆம்பியர். ஒரு கம்ப்ரஸரோடு லோடு 20-க்குக் கீழே நின்றது, இரண்டாவதைப் போட்டதும் தாண்டியது. அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். 20 ஆம்பியர் வாக்கில் விழுந்தால் ஒரு சிடி தலைகீழ். 40 ஆம்பியர் வாக்கில் விழுந்தால் ஒரு ஃபேஸ் ரிலேவுக்கு வரவே இல்லை. அப்போது கூட்டுத்தொகை ஒரு மடங்குதான் வரும். பெரும்பாலும் யாரோ ஷார்ட்டிங் லிங்கை (வேலையின்போது சிடியின் செகண்டரியை ஷார்ட் செய்து வைக்கும் இணைப்பு) எடுக்க மறந்திருப்பார்கள். எந்த லோடில் பிரேக்கர் விழுகிறது என்று ஆபரேட்டரிடம் முதலிலேயே கேளுங்கள், பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

அதனால் போலாரிட்டியை இரண்டு இடத்தில் பாருங்கள்: சிடி டெர்மினலில் ஒரு முறை, எல்லாம் இணைத்த பிறகு பேனல் முனையில் ஒரு முறை.

7. வைண்டிங் ரெசிஸ்டன்ஸ், பிறகு காந்த நீக்கம்

5 ஆம்பியர் சிடியின் செகண்டரி பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் குறைவு. சாதாரண மல்டிமீட்டரின் வயரே 0.2 ஓம் காட்டும். அதனால் நான்கு வயர் முறை கட்டாயம். மூன்று ஃபேஸும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வர வேண்டும். ஒன்று மட்டும் கூடுதலாக இருந்தால் உள்ளே ஏதோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது உங்கள் கிளிப் துருவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிளிப்பைச் சுரண்டி வைத்து இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

75 டிகிரிக்கு மாற்றித்தான் தொழிற்சாலை ஷீட்டோடு ஒப்பிட வேண்டும். செம்புக்குக் கணக்கு: 310-ஐ, 235-ஓடு அளந்த வெப்பநிலையைக் கூட்டிய எண்ணால் வகுத்து, அளந்த ரெசிஸ்டன்ஸோடு பெருக்க வேண்டும். 35 டிகிரியில் 0.174 ஓம் என்றால் 75 டிகிரியில் 0.2 ஓம்.

டிசி போட்டதால் கோரில் காந்தம் தங்கியிருக்கும். இப்படியே அடுத்த படிக்குப் போனால் எக்ஸைட்டேஷன் கோணலாக வரும். பிரைமரி திறந்த நிலையில், செகண்டரியில் வேரியாக் வழியாக ஏசி வோல்டேஜை மெதுவாக ஏற்றி, கரன்ட் திடீரென்று எகிறும் இடத்தைக் கொஞ்சம் தாண்டியதும் நிறுத்தி, அதைவிட மெதுவாகப் பூஜ்யம் வரை இறக்குங்கள். மேலே இருக்கும்போதே ஸ்விட்சை அணைத்தால் காந்தத்தை நீங்களே உள்ளே பூட்டிவைத்த மாதிரி ஆகிவிடும்.

8. ரேஷியோ

செகண்டரியில் வோல்டேஜ் கொடுத்துப் பிரைமரியில் அளப்பது சுலபம். 200/5 என்றால் விகிதம் 40. எஸ்1-எஸ்2-வில் 24 வோல்ட் கொடுத்தால் பி1-பி2-வில் 0.600 வோல்ட் வர வேண்டும். 1.2 வோல்ட் வந்தால் 100/5 டேப்பில் இணைத்திருக்கிறார்கள். இரட்டை ரேஷியோ சிடிகளில் இது அடிக்கடி நடக்கும்.

கொடுக்கும் வோல்டேஜ் 'நீ பாயின்ட்' (knee point, கோர் நிறையத் தொடங்கும் வோல்டேஜ்; 9-வது படி) என்பதற்குக் கீழேயே இருக்க வேண்டும். பிரைமரி பக்க மீட்டர் வயர்களை முறுக்கிக் கொள்ளுங்கள், இல்லையென்றால் பக்கத்து ஃபீடரின் காந்தப்புலம் சில மில்லி வோல்ட்டைச் சேர்த்துவிடும்.

9. எக்ஸைட்டேஷன்: சிடியின் உண்மையான நிலை இங்கேதான் தெரியும்

வைண்டிங்கில் ஒரே ஒரு சுற்று ஷார்ட் ஆகியிருந்தால் ரெசிஸ்டன்ஸ் சோதனையில் அது கண்ணுக்கே தெரியாது. எத்தனையோ சுற்றுகளில் ஒன்று குறைந்தால் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு மாறிவிடும்? ஆனால் ஷார்ட் ஆன அந்த ஒரு சுற்று, ஏசி கொடுத்ததும் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரின் ஷார்ட் ஆன செகண்டரி போலக் கரன்ட்டை இழுக்கும். எக்ஸைட்டேஷன் கரன்ட் பல மடங்கு ஏறும். அதனால் இந்தச் சோதனையை விட்டுவிட்டு சிடி நல்லது என்று யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

இணைப்பு: வேரியாக், அதன் பின்னால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், தொடரில் ஆம்பியர் மீட்டர், எஸ்1-எஸ்2-வுக்குக் குறுக்கே வோல்ட் மீட்டர். பிரைமரி திறந்தே இருக்க வேண்டும். வேரியாக் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வகை என்பதால் அதன் வெளியீடு மெயின் சப்ளையிலிருந்து பிரிந்திருக்காது. செகண்டரியின் எர்த்தை எடுக்க மறந்திருந்தால் ஃபேஸ் நேராக எர்த்துக்குப் போகும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அதற்குத்தான்.

முதலில் எவ்வளவு வோல்ட் வரை போக வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடுங்கள். 10 மடங்கு, 5 ஆம்பியர், வைண்டிங் 0.2 ஓம், பர்டன் 15 விஏ என்றால் 0.6 ஓம். 10 × 5 × 0.8 = 40 வோல்ட். நீ பாயின்ட் இதைவிடக் கொஞ்சம் கீழே இருக்கும். 1 ஆம்பியர் செகண்டரி உள்ள, பிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வகை சிடியில் நீ பாயின்ட் பல நூறு வோல்ட் இருக்கும். அங்கே இதே சோதனை உயிருக்கு ஆபத்தானது. சுற்றிலும் கயிறு கட்டி, ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு படியிலும் கரன்ட்டை எழுதுங்கள். கை தவறிக் கொஞ்சம் அதிகமாக ஏற்றிவிட்டால், இறக்கி வந்து அந்த இடத்தில் ரீடிங் எடுக்கக் கூடாது. ஏறும்போது ஒரு கரன்ட், இறங்கும்போது வேறு கரன்ட் என்பது இரும்புக் கோரின் குணம். பூஜ்யம் வரை இறக்கி மறுபடி ஆரம்பியுங்கள்.

உதாரணத்துக்கு, நல்ல சிடியில் வருகிற மாதிரி சில எண்கள்: 10 வோல்ட்டில் 18 மில்லி ஆம்பியர், 20-ல் 29, 30-ல் 46, 33-ல் 58, 36.3-ல் 88. வோல்டேஜ் 10 சதவீதம் ஏறும்போது கரன்ட் 50 சதவீதம் ஏறும் இடம்தான் நீ பாயின்ட். 30-லிருந்து 33-க்குப் போனபோது கரன்ட் 26 சதவீதம்தான் ஏறியது. 33-லிருந்து 36.3-க்குப் போனபோது 52 சதவீதம் ஏறிவிட்டது. அப்போது நீ பாயின்ட் 33 வோல்ட் வாக்கில்.

வருகிற எண்ணை இப்படிப் படியுங்கள். 5 வோல்ட்டிலேயே நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் இழுத்தால், உடனே சிடியைக் குறை சொல்லாமல் பிரைமரியின் இரண்டு பக்க எர்த்தையும் போய்ப் பாருங்கள். வளையம் மூடியிருக்கவில்லை என்று உறுதியான பிறகும் அதே கரன்ட் என்றால், வைண்டிங்கில் ஷார்ட். அந்த சிடியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

வளைவின் வடிவம் நன்றாக இருந்து, தொடக்கத்தில் மட்டும் கோணலாக இருந்தால், காந்தம் மிச்சம் இருக்கிறது. 7-வது படியின் கடைசிப் பகுதியைத் திரும்பச் செய்யுங்கள்.

நீ பாயின்ட் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தால் மீட்டரிங் கோரை அளக்கிறீர்களோ என்று பாருங்கள். மீட்டரைக் காப்பாற்றுவதற்காக அது சீக்கிரமே நிறைந்துவிடும்படி செய்யப்பட்டிருக்கும். அதற்கு அது குறையல்ல. ஆனால் அந்தக் கோர் ரிலேக்குப் போயிருந்தால் பெரிய குறை: உண்மையான ஷார்ட் சர்க்யூட் வரும் நாளில் கோர் நிறைந்துபோய், ரிலேக்குப் போதுமான கரன்ட்டே போகாது. லோடில் எடுக்கும் எந்த ரீடிங்கும் இதைக் காட்டிக் கொடுக்காது.

முடிந்ததும் வோல்டேஜை மெதுவாகப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். காந்த நீக்கமும் அதிலேயே முடிந்துவிடும். எக்ஸைட்டேஷனைக் கடைசியில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

10. பர்டன்

சிடி நல்லது என்று தெரிந்த பிறகு, அது சுமக்கும் வயரிங் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கழற்றி வைத்த வயர் முனையில் பேனலை நோக்கி 5 ஆம்பியர் செலுத்தி, அதே இடத்தில் வோல்டேஜை அளங்கள். 3.4 வோல்ட் என்றால் 17 விஏ. சிடி 15 விஏ. தாங்காது.

எப்படி இவ்வளவு வரும்? 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 7.41 ஓம். யார்டிலிருந்து கன்ட்ரோல் ரூம் 40 மீட்டர் என்றால் போய் வர 80 மீட்டர், 0.59 ஓம். 5 ஆம்பியரில் அது மட்டுமே 14.8 விஏ. ரிலேக்கு மிச்சமே இல்லை. அதே வயரில் 1 ஆம்பியர் சிடி இருந்தால் 0.6 விஏகூட ஆகாது. புது இடத்தில் தூரம் அதிகமென்றால் 1 ஆம்பியர் செகண்டரியே கேளுங்கள். இருக்கும் இடத்தில் 4 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றலாம், அல்லது இன்னொரு ஜோடியைச் சேர்த்து இழுக்கலாம்.

மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் அதிக வோல்டேஜ் காட்டினால் அந்த வழியில் ஒரு லூஸ் டெர்மினல் இருக்கிறது. ஒவ்வொரு டெர்மினலுக்கும் குறுக்கே மில்லி வோல்ட் பார்த்துக்கொண்டே போனால் பத்து நிமிடத்தில் சிக்கிவிடும்.

11. திரும்ப இணைத்து, லோடில் பார்ப்பது

போட்டோவைப் பார்த்து இணையுங்கள், அதோடு கன்டின்யூட்டியும் பாருங்கள். அம்பத்தூரில் போட்டோவை மட்டும் நம்பியிருந்தால் தவறான இணைப்பையே அச்சு மாறாமல் திரும்பப் போட்டிருப்போம். செகண்டரி எர்த்தை ஒரே இடத்தில் போடுங்கள். பயன்படுத்தாத கோர் இருந்தால் அதை ஷார்ட் செய்து எர்த் செய்யுங்கள். அதைத் திறந்து விடவே கூடாது. பேனல் முனையில் போலாரிட்டியை இரண்டாவது முறை பாருங்கள்.

கருவி இருந்தால் பிரைமரியில் 50 ஆம்பியர் செலுத்துங்கள். ரிலேயில் 1.25 ஆம்பியர் தெரிய வேண்டும். ஃபேஸ் ஃபேஸாகச் செய்தால், ஆர்-ல் செலுத்தியது ஆர்-லேயே தெரிகிறதா என்பதும் உறுதியாகும்.

ஷார்ட்டிங் லிங்குகளை எடுப்பது கடைசி வேலை. ரிலே வரை சர்க்யூட் மூடியிருக்கிறது என்று தெரிந்த பிறகே ஒவ்வொன்றாக எடுங்கள். எடுத்த லிங்குகளை எண்ணி ஷீட்டில் எழுதுங்கள். போட்டது எத்தனையோ, எடுத்ததும் அத்தனை.

சப்ளை கொடுத்து லோடு வந்ததும், செகண்டரி வயர்களில் கிளாம்ப் மீட்டரைப் போடுங்கள், ஒவ்வொரு ஃபேஸிலும், அப்புறம் நியூட்ரலிலும். அன்று மதியம் அம்பத்தூரில் இரண்டு கம்ப்ரஸரும் ஓடிக்கொண்டிருந்தபோது ஃபேஸ்களில் 0.61, 0.60, 0.61 ஆம்பியர். நியூட்ரலில் 0.02. தம்பி அந்த நான்கு எண்ணையும் நேரத்தோடு ஷீட்டில் எழுதி, ஒரு நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டினான்.